மீட்டர் போர்டு செத்துப்போச்சு, ஓடிய கிலோமீட்டரை எப்படிக் காப்பாத்துறது?

காவிரிக்கரை (திருச்சி) | திங்கள், இரவு 9.40

எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமா எழுதுறேன், பொறுத்துக்கங்க.

எங்க வண்டி 2013 மாடல் டீசல் கார். அப்பா வாங்கினது. அவர் தவறி ரெண்டு வருஷம் ஆகுது, இப்ப நான் ஓட்டுறேன். ரெண்டு மாசமாவே மீட்டர் போர்டு தகராறு. மதிய வெயில்ல நிறுத்திட்டு வந்து சாவி போட்டா முள்ளெல்லாம் பொத்துன்னு கீழ விழும். கிலோமீட்டர் காட்டுற இடம் வெறிச்சுன்னு இருக்கும். டேஷ்போர்டு மேல கையால ஒரு தட்டு தட்டினா வந்துடும். சாயந்தரம் வெயில் தாழ்ந்தா தானா சரியாகிடும். போன 3-ஆம் தேதி மொத்தமா இருட்டாயிடுச்சு. இன்ஜின் ஓடுது, ஹெட்லைட் எரியுது, மீட்டர் மட்டும் இல்ல.

அன்னைக்கே தெருமுனை மெக்கானிக் அண்ணன்கிட்ட காட்டினேன். ஸ்கேனர் மாட்டிப் பார்த்து, இன்ஜின் கம்ப்யூட்டர்ல இருந்த ஃபால்ட் கோடை (பழுதுக் குறியீடு) எல்லாம் அழிச்சுட்டு, "போர்டே போச்சு தம்பி, மாத்தணும்"னு சொல்லிட்டார். சர்வீஸ் சென்டர்ல புதுசு 19,000-க்கு மேல சொல்றாங்க. ஆர்டர் போட்டு மூணு வாரம் ஆகுமாம், புதுசு சைபர்ல இருந்துதான் ஓடுமாம். காயலான் கடையில அதே மாடல் மீட்டர் 4,500 ரூபாய்க்குக் கிடைக்குது. ஆனா அது 83,000 காட்டுது.

என் கவலை பணம் இல்ல. வண்டி வாங்கின நாள்ல இருந்து ஒவ்வொரு தடவை டீசல் போடும்போதும் அப்பா ஒரு நீள நோட்டில எழுதுவார். தேதி, மீட்டர், லிட்டர், பங்க் இருந்த ஊர். முதல் வரி 14 கிலோமீட்டர். கடைசி வரி நான் எழுதினது, 1,41,522. நடுவுல ஒரு வரி கூட விட்டுப்போகல. அடுத்த வரியில நான் சைபர்னு எழுதுறதா, 83,000-னு எழுதுறதா? ரெண்டும் பொய்தானே. செத்த மீட்டருக்குள்ள இருக்கிற அந்த எண்ணை வெளிய எடுக்க வழி இருக்கா?

—

புதுவண்டி_23 (சென்னை) | திங்கள், இரவு 10.05

ப்ரோ, அந்த 83,000 மீட்டரை அப்படியே மாட்டிடுங்க. ஓடுற வண்டிக்கு மீட்டர் ஓடினாப் போதும். நாளைக்கு விக்கும்போது விலையும் கூடுதலாக் கிடைக்கும். நீங்க ஒண்ணும் குறைச்சு வைக்கலையே, மீட்டர் கெட்டது, மாத்தினீங்க, அவ்வளவுதான்.

—

நெல்லைச்சாரல் (திருநெல்வேலி) | திங்கள், இரவு 11.20

புதுவண்டி தம்பி, கோவிச்சுக்காதீங்க. நீங்க சொல்ற அந்த "அவ்வளவுதான்"ல மாட்டிக்கிட்டவன் நான்.

நாலு வருஷம் முன்னாடி ஒரு பழைய டீசல் கார் வாங்கினேன். மீட்டர் 58,000. வித்தவர் நல்ல மனுஷனாத்தான் பேசினார். "மீட்டர் ஒரு தடவை ரிப்பேர் பண்ணினோம்"னு மட்டும் வாய்வார்த்தையா சொன்னார், நானும் மேல கேட்கல. டைமிங் பெல்ட்டை 1,00,000-த்துல மாத்தணும்னு கையேட்டுல போட்டிருந்தது. 58,000-தானே, இன்னும் நாள் இருக்குன்னு விட்டேன். கயத்தாறு தாண்டி நாலுவழிச் சாலையில போகையில பெல்ட் அறுந்துது. வால்வெல்லாம் பிஸ்டன்ல இடிச்சு வளைஞ்சுபோச்சு. பின்னாடி லாரி வந்துக்கிட்டிருக்கு, வண்டியில என் பிள்ளைங்க ரெண்டு பேரும். எப்படியோ ஓரம் கட்டினேன்.

ஹெட்டைக் கழட்டின மெக்கானிக்தான் சொன்னார், இது 58,000 ஓடின இன்ஜின் இல்லண்ணேன்னு. அப்புறம் பழைய சர்வீஸ் பதிவைத் தேடிப் பிடிச்சோம். மூணு வருஷத்துக்கு முந்தியே 1,12,000 தாண்டியிருக்கு.

மீட்டர்ல இருக்கிறது விலைக்கான எண் மட்டும் இல்ல தம்பி. பெல்ட், கியர் ஆயில், பிரேக் ஆயில், கிளட்ச் எல்லாத்துக்கும் நாள் குறிக்கிறது அதுதான். காவிரிக்கரை சார், நீங்க கேட்டதுக்கு விடை எனக்குத் தெரியல. ஆனா அந்த 83,000-ஐ அப்படியே மாட்டிடாதீங்க. அடுத்து வாங்குறவனுக்கும் பிள்ளைங்க இருக்கும்.

—

மீட்டர்கடை_சூலூர் (கோவை) | செவ்வாய், காலை 7.15

வணக்கமுங்க. பதினாறு வருசமா மீட்டர் ரிப்பேர் மட்டும்தான் பண்ணிட்டு இருக்கறேன். உங்களுக்கு வழி இருக்குதுங்க, பயப்படாதீங்க.

மொதல்ல ஒரு சமாச்சாரம். மீட்டர் செத்தா எண்ணும் செத்துப்போச்சுன்னு அர்த்தம் இல்லைங்க. ஓடுன கிலோமீட்டர் போர்டுல ஒரு எட்டுக்கால் ஐசிக்குள்ள, அதாவது ஒரு சின்னச் சிப்புக்குள்ள, இருக்கும். மிளகு அளவுதான் இருக்கும், நகத்து மேல நாலஞ்சு வெக்கலாம். கரண்ட் இல்லாட்டியும் அதுல எழுதுனது அழியாது. பேட்டரியக் கழட்டினாலும் வருசக்கணக்கா நிக்கும். உங்க வண்டி வருசத்து மீட்டர்கள்ல பெரும்பாலும் 93சி66, 93சி86, 24சி16 இந்த மாதிரி ஐசி இருக்குமுங்க. போர்டே ரெண்டா உடைஞ்சாலும் அந்த ஐசி முழுசா இருந்தா எண் இருக்குது.

ரெண்டாவது, மாத்தறதுக்கு முன்னால ரிப்பேர் ஆகுமான்னு பாருங்க. வெயில்ல சாகுது, தட்டினா வருதுங்கறீங்க. பத்துக்கு எட்டு தடவை அது டிரை சோல்டருங்க. கனெக்டர் காலோ, வோல்ட்டேஜ் ரெகுலேட்டர் காலோ ஈயத்துல வெடிப்பு விட்டிருக்கும். கண்ணுக்குத் தெரியாது, லென்ஸ் வெச்சுப் பார்த்தா காலைச் சுத்தி முடி மாதிரி ஒரு வட்டம் தெரியும். சூடானா விரியும், குளிர்ந்தா சேரும். பழைய ஈயத்தை உறிஞ்சி எடுத்துட்டுப் புதுசா வெச்சா முடிஞ்சுது. அதே மீட்டர், அதே எண், எதையும் மாத்த வேண்டியதே இல்லை. எதுக்கும் முதல் மருந்து இதுதானுங்க.

போர்டு தேறாதுன்னா அடுத்த வழி, அந்த 4,500 ரூபா மீட்டரை வாங்கி, உங்க ஐசியக் கழட்டி அதுல வெக்கறது. இதுல நாலு விசயம் கவனிக்கோணும்.

பின்னால ஸ்டிக்கர்ல இருக்கற பார்ட் நம்பர் கடைசி எழுத்து வரைக்கும் ஒண்ணா இருக்கோணும். பார்க்க ஒரே மாதிரி இருக்குதுன்னு பெட்ரோல் வண்டி மீட்டரை டீசலுக்கு மாட்டாதீங்க. அந்த ஐசிக்குள்ள கிலோமீட்டர் மட்டும் இல்லீங்க, முள்ளு எவ்வளவு திரும்போணும், டேங்க் எத்தனை லிட்டர், எந்த விளக்கு இருக்குது எது இல்லைங்கற கணக்கும் இருக்கும். போர்டு வேற, ஐசி வேறன்னா டீசல் முள் பொய் சொல்லும்.

சில கம்பெனி வண்டிகள்ல சாவியோட இம்மொபிலைசர் (வேற சாவியில வண்டி ஸ்டார்ட் ஆகாமத் தடுக்கற பூட்டு) கணக்கும் மீட்டருக்குள்ளயேதான் இருக்கும். ஃபோக்ஸ்வேகன் குடும்பத்து வண்டிகள் பலதும் அப்படித்தான். வேற மீட்டரை மாட்டினா வண்டி ஸ்டார்ட் ஆகி ரெண்டு செகண்டுல நின்னுபோகும். ஐசியவே மாத்தினா அந்தக் கணக்கும் கூடவே வந்துரும், இது ஒரு நன்மை.

கழட்டறதுக்கு முன்னாடி பேட்டரி நெகட்டிவ் கம்பிய எடுத்துட்டுப் பத்து நிமிசம் இருங்க. பக்கத்துலதான் ஸ்டியரிங் ஏர்பேக் இருக்குது.

நாலாவது, புது வண்டிக்காரங்க படிக்கறதா இருந்தா அவங்களுக்கு: இப்ப வர்ற பல மீட்டர்கள்ல தனி ஐசியே கிடையாது. பெரிய புராசஸருக்குள்ளயே எண் இருக்குது. அதுக்கு இந்த வழி செல்லாது. கம்பெனி ஸ்கேனர் மூலமாப் புது மீட்டர்ல ஒரே ஒரு தடவை எழுத விடுவாங்க. ஃபோக்ஸ்வேகன்ல மீட்டர் 100 கிலோமீட்டர் ஓடறதுக்குள்ள எழுதிரோணும், தாண்டிட்டா அப்புறம் விடாது. அதனால புது மீட்டர் மாட்டறவங்க "அப்புறம் பாத்துக்கலாம்"னு வண்டிய எடுத்துட்டுப் போயிராதீங்க.

—

பழைய_அம்பாசிடர் (மதுரை) | செவ்வாய், காலை 8.30

தம்பி காவிரிக்கரை, உங்கள் அப்பாவின் நோட்டைப் பற்றிப் படித்தபோது மனம் நெகிழ்ந்தது. நான் 1981 முதல் டாக்ஸி ஓட்டியவன். அம்பாசிடரில் கியர்பாக்ஸிலிருந்து ஒரு கேபிள் மீட்டருக்கு வரும். அது அறுந்தால் மீட்டர் நின்றுவிடும், வண்டி ஓடிக்கொண்டே இருக்கும். எங்கள் முதலாளி அதற்கு ஒரு வழக்கம் வைத்திருந்தார். கேபிள் அறுந்த இடத்தில் பக்கத்து மைல்கல்லைப் பார்த்து டிரிப் ஷீட்டில் எழுத வேண்டும். புதுக் கேபிள் போட்ட இடத்தின் கல்லையும் எழுத வேண்டும். நடுவே ஓடியதைச் சிவப்பு மையில் தனியாகக் காட்டுவார். மீட்டரில் உள்ள எண்ணை ஒருநாளும் தொட விடமாட்டார். பல்சக்கரத்தை விரலால் நகர்த்தினால் எண் மாறிவிடும், அவ்வளவு எளிது. ஆனாலும் தொட விடமாட்டார்.

உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். 3-ஆம் தேதிக்குப் பிறகு வண்டியை ஓட்டினீர்களா?

—

காவிரிக்கரை | செவ்வாய், மதியம் 1.10

ஐயா, ஓட்டினேன். அக்கா வீட்டு விசேஷம், சென்னை போய்ட்டு வந்தோம். போக 330, வர 330 இருக்கும். உள்ளூர்ல கொஞ்சம். மொத்தம் எவ்வளவுன்னு சரியாத் தெரியல. அந்தக் கிலோமீட்டர் எங்கயும் பதிவாகலைன்னா அதுவும் ஒரு ஓட்டைதானே? மீட்டர்ல கூட்டி எழுதச் சொல்லலாமா?

சூலூர் அண்ணா, ரொம்ப நன்றி. உங்களுக்கே மீட்டரைக் கூரியர்ல அனுப்பட்டுமா?

—

பழைய_அம்பாசிடர் | செவ்வாய், மதியம் 1.45

மீட்டர் இல்லாமல் சென்னை வரை குடும்பத்தோடு போனது தவறு தம்பி, பெரியவனாகச் சொல்கிறேன். ஆயில் பிரஷர் விளக்கு எரிந்தாலும் தெரியாது, இன்ஜின் கொதித்தாலும் தெரியாது. விழுப்புரம் பக்கம் ரேடியேட்டர் குழாய் ஒன்று வெடித்திருந்தால் இன்ஜின் பிடித்துக்கொண்ட பிறகுதான் உங்களுக்குத் தெரிந்திருக்கும். மீட்டர் சரியாகும் வரை வண்டியை எடுக்காதீர்கள்.

கூட்டி எழுத வேண்டாம் என்பது என் எண்ணம். நல்ல எண்ணத்தோடு கூட்டினாலும் அது கையால் எழுதிய எண்தான். மீட்டர் தான் எண்ணியதை மட்டும் சொல்லட்டும். மற்றதைத் தாளில் எழுதி வையுங்கள்.

—

மீட்டர்கடை_சூலூர் | செவ்வாய், மாலை 6.20

ஐயா சொல்றதுதானுங்க என் கருத்தும். என் கடையில எண்ணைத் திருத்தி எழுதறதே இல்லை, கூட்டறதும் இல்லை, குறைக்கறதும் இல்லை. "கூட்டத்தானே சொல்றேன்"னு வர்றவங்க உண்டு. கூட்டக் கத்துக்கிட்ட கை நாளைக்குக் குறைக்கவும் போகுமுங்க.

அனுப்புங்க, பார்க்கலாம். அந்தக் காயலான் கடை மீட்டரையும் வாங்கிச் சேர்த்தே அனுப்புங்க. தேவைப்படலைன்னா திருப்பி எடுத்துக்குவாங்களான்னு மட்டும் கேட்டுக்கங்க. அனுப்பும்போது அலுமினியத் தாள் சுத்தாதீங்க, ஆன்டிஸ்டாட்டிக் கவர் இல்லைன்னா பருத்தித் துணி போதும்.

—

வடமராட்சியான் (யாழ்ப்பாணம்) | செவ்வாய், இரவு 8.00

வணக்கம். எங்கட பக்கம் ஓடுற வாகனங்கள் கனக்க யப்பானிலையிருந்து பாவிச்சு வந்தவை. அதால இந்த மீற்றர்க் கதை எங்களுக்கு நல்ல பழக்கம்.

யப்பானில வாகனச் சோதனைப் பத்திரத்திலயே சோதனை நடந்த நாளில மீற்றர் என்ன காட்டினது எண்டு 2004-இலையிருந்து அச்சடிச்சுக் குடுக்கிறவை. மீற்றர் பழுதாகி மாத்தினா, மாத்தின திகதி, பழைய மீற்றர் காட்டின கிலோமீற்றர், புது மீற்றர் தொடங்கின கிலோமீற்றர் மூண்டையும் ஒரு ஸ்ரிக்கரில எழுதிக் கதவுத் தூணில ஒட்டுவினம். சேர்விஸ் புத்தகத்திலயும் எழுதுவினம். ஒக்சன் சீற்றில (ஏலத்தில வாகன விபரம் எழுதின தாள்) அந்த வாகனம் "மீற்றர் மாத்தினது" எண்டு வரும். பதிவு இல்லாமல் எண் குறைஞ்சிருந்தால் "மீற்றர் களவு" எண்ட கணக்கில வரும். ரெண்டும் அவைக்கு வேற வேற சாதி, விலையும் வேற.

நான் வேண்டின வாகனத்திலயும் சாரதிப் பக்கக் கதவைத் திறந்தால் அந்த ஸ்ரிக்கர் இருக்கு. யப்பான் எழுத்து ஒண்டும் விளங்காது, இலக்கம் மட்டும் விளங்கும். முன்பின் தெரியாத ஒரு மெக்கானிக் எனக்காக எழுதி வைச்சிட்டுப் போன மாதிரி. நீங்களும் அப்பிடி ஒண்டு ஒட்டுங்கோ, தம்பி.

—

கறுப்புக்கோட்டு (ஈரோடு) | புதன், காலை 10.15

வழக்கறிஞர் என்ற முறையில் சில வார்த்தைகள்.

யாழ்ப்பாணத்து நண்பர் சொன்னதைப் போன்ற ஏற்பாடு அமெரிக்காவில் சட்டமாகவே இருக்கிறது. 1972-இல் வந்த சட்டம் அது. மீட்டரைப் பழுது பார்க்கலாம், மாற்றலாம், ஆனால் எண் முன்பு இருந்தபடியே இருக்க வேண்டும். அது முடியாவிட்டால் சைபரில் வைத்து, பழைய எண்ணையும் மாற்றிய தேதியையும் எழுதி வண்டியின் இடது கதவுச் சட்டத்தில் ஒட்ட வேண்டும். அங்கே ஓட்டுநர் உட்காருவது இடப்பக்கம். கவனியுங்கள், ஒன்று பழைய எண், இல்லையென்றால் சைபர். 83,000 போல வேறொரு வண்டியின் எண்ணுக்கு அங்கே இடமே இல்லை. சைபரைப் பார்த்தால் யாருக்கும் கேள்வி வரும். 83,000-ஐப் பார்த்தால் யாருக்கும் கேள்வி வராது. ஆபத்தே அதில்தான். ஜெர்மனியிலும் 2005 முதல் மீட்டரைத் திருத்துவது சிறைத்தண்டனை வரை போகக்கூடிய குற்றம்.

நம் நாட்டில், உண்மையான ஓட்டத்தை மறைத்து ஒருவர் வண்டியை விற்றால் அது ஏமாற்றுதல். முன்பு இந்திய தண்டனைச் சட்டம் 420. 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதா 318. விற்றவர் வியாபாரியாக இருந்தால் 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி மாவட்ட ஆணையத்துக்கும் போகலாம். பழைய வண்டி வியாபாரிகள் அங்கீகாரச் சான்று பெற வேண்டும், தங்களிடம் உள்ள வண்டி எங்கே எதற்காக எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்று மின்னணுப் பதிவேடு வைக்க வேண்டும் என்று 2023 ஏப்ரல் 1 முதல் விதியும் இருக்கிறது. நெல்லைச்சாரல் அவர்களே, உங்களிடம் பழைய சர்வீஸ் பதிவின் நகல் இருந்தால் பத்திரமாக வையுங்கள்.

காவிரிக்கரை அவர்களுக்கு என் யோசனை: சூலூர் நண்பரிடம் வாங்கும் பில்லில் பழைய மீட்டரின் வரிசை எண், புதிய மீட்டரின் வரிசை எண், மாற்றும்போது இருந்த கிலோமீட்டர், காரணம் நான்கையும் எழுதச் சொல்லுங்கள். இன்சூரன்ஸ் நிறுவனத்துக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பி வையுங்கள். நாளை ஒரு விபத்தென்றால் சர்வேயர் முதலில் குறிப்பது மீட்டர் எண்ணைத்தான்.

—

மீட்டர்கடை_சூலூர் | வெள்ளி, இரவு 9.50

காவிரிக்கரை தம்பி, ரெண்டு மீட்டரும் வந்து சேர்ந்துது. பிரிச்சுப் பார்த்தேன், மனசு கஷ்டமாப் போச்சுங்க.

டிரை சோல்டர் இருக்குது, அது பெரிசில்லை. ஆனா போர்டோட மேல் மூலையில பச்சை பூத்திருக்குது. தண்ணி இறங்கியிருக்குதுங்க. கனெக்டர்ல இருந்து புராசஸருக்குப் போற அஞ்சாறு செம்புக் கோடு அரிச்சே போச்சு. ரெண்டு கோட்டுக்கு ஜம்பர் (மாத்துக் கம்பி) போட்டுப் பார்த்தேன், முள்ளு ஒரு தடவை துள்ளுச்சு, அப்புறம் அடங்கிருச்சு. உள்ளடுக்குலயும் போயிருக்குது. இதை எழுப்பி உங்க கையில குடுத்தா ஆறு மாசத்துல மறுபடியும் நடுரோட்டுல விட்டுரும். அதனால ஐசிய மாத்தறதுதான் வழி.

ஒண்ணு கேக்கறேன், முன் கண்ணாடி எப்பவாச்சும் மாத்துனீங்களா?

—

காவிரிக்கரை | வெள்ளி, இரவு 10.10

ஆமாண்ணா! ரெண்டு வருஷம் முன்னாடி கல் பட்டு விரிசல் விட்டுச்சு, மாத்தினோம். அப்ப இருந்தே மழைக்கு அப்புறம் ஒரு மாதிரி ஈர வாசனை வரும். மிதியடிதான் காயலைன்னு நினைச்சேன்.

—

மீட்டர்கடை_சூலூர் | சனி, மாலை 5.30

அப்ப அந்தக் கண்ணாடி ஓரத்துப் பசையைத் திருப்பிப் போடச் சொல்லுங்க. இல்லாட்டி புது மீட்டருக்கும் இதே கதிதான்.

இன்னிக்கு உங்க ஐசியக் கழட்டிட்டேன். விவரமாச் சொல்றேன், மத்தவங்களுக்கும் உதவும்.

93சி66-ங்க, 512 பைட்டு. ஹாட் ஏர் 350 டிகிரி, சுத்தியும் ஃபிளக்ஸ் (ஈயம் இளக உதவற பசை), பக்கத்துல இருக்கற பிளாஸ்டிக்குக்குச் சூடு தாங்கற கேப்டான் டேப். கழட்டறதுக்கு முன்னாடி போட்டோ எடுத்துக்கிட்டேன், முதல் காலுக்குப் பக்கத்துல ஒரு புள்ளி இருக்கும், திருப்பி வெச்சா ஐசி வெந்துரும். கழட்டினதும் புரோகிராமர்ல (ஐசியப் படிக்கற கருவி) போட்டு மூணு தடவை படிச்சேன். மூணும் ஒரு பைட் பிசகாம ஒண்ணா இருந்தாத்தான் நம்புவேன். ஒண்ணாத்தான் இருந்துது. அதை உங்களுக்கு மின்னஞ்சல்லயும் அனுப்பியிருக்கறேன், பத்திரமா வெச்சுக்கங்க.

இப்பப் பாருங்க. முதல்ல படிச்சப்ப ஒரு இடத்துல 02 00 47 29-னு இருந்துது. இந்த 93 வரிசை ஐசிய எட்டு பிட்டாவும் படிக்கலாம், பதினாறு பிட்டாவும் படிக்கலாம், ஆறாவது கால்தான் அதை முடிவு பண்ணும். மீட்டர்ல பதினாறுல ஓடுது, நான் எட்டுல படிச்சுட்டேன், அதனால ஜோடி ஜோடியா முன்னுக்குப் பின்னாத் தெரியுது. பதினாறுல போட்டதும் 0002 2947-னு வந்துருச்சு. இது பதினாறின் அடுக்குல எழுதுன எண். 2-ஐ 65,536-ஆல பெருக்குனா 1,31,072. 2947-ங்கறது நம்ம கணக்குல 10,567. ரெண்டையும் கூட்டுங்க.

1,41,639.

உங்க நோட்டுல கடைசி வரி 1,41,522-னு எழுதியிருந்தீங்க. அதுக்கப்புறம் 117 கிலோமீட்டர் ஓடித்தான் மீட்டர் கண்ணை மூடியிருக்குது. சரியா வருதுங்களா?

—

காவிரிக்கரை | சனி, மாலை 5.52

அண்ணா, சரியா வருது. டீசல் போட்டது 29-ஆம் தேதி. ஆபீஸ் போக வர ஒரு நாளைக்கு 26 கிலோமீட்டர். நாலு நாள் 104. ஒருநாள் அம்மாவைக் கூட்டிட்டு ஶ்ரீரங்கம் போனோம். 117 தான்.

இப்ப என்ன எழுதுறதுன்னு தெரியல. இருட்டா இருந்த மீட்டருக்குள்ள அது அப்படியே இருந்திருக்கு. அம்மாகிட்டப் படிச்சுக் காட்டினேன்.

—

புதுவண்டி_23 | சனி, இரவு 7.15

சார், முதல் நாள் நான் எழுதினது தப்பு. யோசிக்காம எழுதிட்டேன். நெல்லைச்சாரல் சார் எழுதினதைப் படிச்ச அன்னைக்கே என் வண்டியோட சர்வீஸ் பதிவை எடுத்துப் பார்த்தேன், நல்லவேளை சரியா இருக்கு.

சூலூர் அண்ணாகிட்ட ஒரு சந்தேகம். எண் இவ்வளவு தெளிவாத் தெரியுதுன்னா, ஐசியைக் கழட்டி மாட்டுறதுக்குப் பதிலா, காயலான் கடை மீட்டர்ல இருக்கிற ஐசியிலயே இந்த எண்ணை எழுதிட்டாப் போதாதா? சூடு படுற ஆபத்து இல்லையே.

—

மீட்டர்கடை_சூலூர் | சனி, இரவு 9.05

தம்பி, நல்ல கேள்வி. எண் ஒரே இடத்துல இல்லைங்க. இந்த ஐசியில ஒரு இடத்துல ஏறக்குறைய 10 லட்சம் தடவைதான் எழுத முடியும். 100 மீட்டருக்கு ஒரு தடவை எழுதுதுன்னு வெச்சுக்கங்க, 1,41,000 கிலோமீட்டருக்கு 14 லட்சம் தடவை ஆயிருச்சு. ஒரே இடத்துல எழுதினா எப்பவோ தேஞ்சுபோயிருக்கும். அதனால மீட்டர் கம்பெனிக்காரன் எட்டுப் பத்து இடத்துல சுத்திச் சுத்தி எழுத வெச்சிருப்பான். கூடவே சரிபார்க்கற கூட்டுத்தொகையும் வெப்பான். ஒண்ணைத் திருத்தி இன்னொண்ணை விட்டா மீட்டர் கோடு கோடாக் காட்டும், இல்லைன்னா கொஞ்ச நாள் ஓடிட்டுத் திடீர்னு வேற எண்ணுக்குத் தாவும்.

அதை விடப் பெரிய காரணம் ஒண்ணு இருக்குதுங்க. ஐசிய மாத்தினா நான் எதையும் எழுதலை. அவங்கப்பா ஓட்டினப்ப எழுதுன அதே ஐசி, அதே எழுத்து. வேற போர்டுல குடி போகுது, அவ்வளவுதான்.

—

பழைய_அம்பாசிடர் | ஞாயிறு, காலை 6.40

சூலூர் தம்பி, உங்கள் கை நன்றாக இருக்கட்டும்.

அந்தச் சென்னைப் பயணக் கணக்கு மட்டும் இன்னும் பாக்கி இருக்கிறதே?

—

மீட்டர்கடை_சூலூர் | ஞாயிறு, காலை 10.30

ஐயா, ராத்திரி படுத்துட்டே அதைத்தான் யோசிச்சேன். தம்பி மொதல் பதிவுலயே விடை இருக்குதுங்க! 3-ஆம் தேதி மெக்கானிக் ஃபால்ட் கோடையெல்லாம் அழிச்சார்னு எழுதியிருக்கார். இன்ஜின் கம்ப்யூட்டர்ல "ஃபால்ட் கோடு அழிச்சதுக்கப்புறம் ஓடின தூரம்"னு ஒரு கணக்கு தனியா இருக்குமுங்க. 65,535 கிலோமீட்டர் வரைக்கும் எண்ணும். மீட்டர் செத்தாலும், வேகம் ஏபிஎஸ்ல (பிரேக் கம்ப்யூட்டர்) இருந்து நேரா இன்ஜினுக்குப் போற வண்டியா இருந்தா அது பாட்டுக்கு எண்ணிட்டே இருந்திருக்கும். சாதாரண ஸ்கேனர்லயே பார்க்கலாம். அதே மெக்கானிக்கிட்டப் போயி, அழிக்காம, பார்க்க மட்டும் சொல்லுங்க. இன்னொரு தடவை அழிச்சுட்டாப் போச்சு.

—

காவிரிக்கரை | திங்கள், இரவு 8.20

பார்த்தாச்சு. வண்டியை எடுக்கல ஐயா, மெக்கானிக் அண்ணனே ஸ்கேனரோட வீட்டுக்கு வந்தார். அழிக்கக் கூடாதுன்னு நாலு தடவை சொன்னேன். திரையில 718 கிலோமீட்டர்னு வந்துச்சு. சென்னை போக வர 660, மீதி 58 அங்க சுத்தினதும் இங்க ஓட்டினதும். அதையும் போட்டோ எடுத்துக்கிட்டேன்.

—

காவிரிக்கரை | வியாழன், இரவு 9.30

மீட்டர் வந்துடுச்சு, மாட்டியாச்சு.

சாவியைப் போட்டதும் முள்ளெல்லாம் ஒரு சுத்து சுத்தி இறங்குச்சு. கீழ 1,41,639. இம்மொபிலைசர் விளக்கு அணைஞ்சது, வண்டி ஒரே அடியில ஸ்டார்ட் ஆச்சு. சூலூர் அண்ணா ஃபோன்ல சொன்ன மாதிரி ஏர்பேக் விளக்கு, ஏபிஎஸ் விளக்கு, ஆயில் விளக்கு மூணும் சாவி போட்டதும் எரிஞ்சு அப்புறம் அணையுதான்னு பார்த்தேன், அணைஞ்சது. கண்ணாடி ஓரம் பசை போட்டு ஒரு மணி நேரம் தண்ணி அடிச்சுப் பார்த்தோம், உள்ள ஒரு சொட்டு இல்ல. பில்லுல வக்கீல் சார் சொன்ன நாலும் இருக்கு. இன்சூரன்ஸுக்கும் எழுதிட்டேன், பதில் வந்துடுச்சு. பழைய போர்டைத் தூக்கிப் போடல, துணியில சுத்தி நோட்டோட வச்சிருக்கேன்.

யாழ்ப்பாணத்து அண்ணன் சொன்ன மாதிரி ஓட்டுநர் கதவுத் தூண்ல ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கேன். கிழியாத தாள், அழியாத மை. அதுல இருக்கிறது:

"மீட்டர் போர்டு தண்ணீர் இறங்கிப் பழுதானது. அதே மாடல் வேறு போர்டில் பழைய நினைவக ஐசி மாற்றப்பட்டது. மாற்றும்போது 1,41,639. மீட்டர் ஓடாத நாட்களில் ஓடியது 718 (இன்ஜின் கம்ப்யூட்டர் கணக்கு). உண்மை ஓட்டம் அறிய மீட்டரில் காட்டுவதோடு 718 கூட்டிக்கொள்ளவும்."

—

பழைய_அம்பாசிடர் | வியாழன், இரவு 9.55

நோட்டில் அந்த 718-ஐ எழுதினீர்களா?

—

காவிரிக்கரை | வியாழன், இரவு 10.05

எழுதிட்டேன் ஐயா, சிவப்பு மையில. அதுக்குக் கீழ இன்னைக்கு டீசல் போட்டதை எழுதினேன். 1,41,652, 34 லிட்டர், திருவெறும்பூர்.